பட்டியலில் இல்லாதவர்கள்

இனி யாருக்கு என்ன தேவை என்று செயற்கை நுண்ணறிவே கணக்கிட்டுச் சொல்லும், கொடைப்பணம் வீணாகாது என்கிறார்கள். எனக்கு மூன்று கேள்விகள்.

ஒன்று: அது எதைப் படித்துக் கணக்கிடும்? நிவாரணப் பட்டியலைத்தானே? 2004 சுனாமிக்குப் பின் தமிழகக் கரையில் படகு இழந்தவருக்குப் படகு வந்தது. சில ஊர்களில் தேவைக்கு மேலேயே வந்தது. உப்பங்கழியில் வெறுங்கையால் இறால் பிடிக்கும் இருளர் பழங்குடியினர், இழப்பைக் காட்ட எந்தப் பத்திரத்தை நீட்டுவார்கள்? பல இடங்களில் அவர்கள் பெயரே ஏறவில்லை. அந்தப் பட்டியலைக் கணினி படித்தால் மட்டும் பெயர் முளைத்துவிடுமா?

இரண்டு: அன்று குறைவாக இருந்தது தகவலா? பழந்துணி லாரி லாரியாக வந்து சாலையோரம் குவிந்து கிடந்ததே, அது யார் கண்ணுக்குத் தெரியவில்லை?

மூன்று: பெயர் விடுபட்டால் தாலுகா ஆபீசில் சண்டை போடலாம். கணினியிடம்?

புதுப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களுக்குக் கொடுக்க வருகிறவர்களே, யார் பெயர் விடுபட்டது என்று மீன்கூடை சுமக்கும் அம்மாக்களிடம் முதலில் கேளுங்கள்.