திருத்தம் வந்தது, போடுவதற்குள் திருடர் வந்தனர்

நூற்றுக்கணக்கான சர்வர்களை ஒரே தலைமை சர்வரிலிருந்து இயக்க உதவும் மென்பொருள் ‘சால்ட்’. கட்டளை அனுப்புவது யார், அதில் உள்ள கோப்புப் பாதை முறையானதா என்று அது சரியாகச் சோதிக்கவில்லை.

குறையைச் சரிசெய்யும் திருத்தத்தை 2020 ஏப்ரல் 29ஆம் தேதி சால்ட்ஸ்டாக் நிறுவனம் வெளியிட்டது. குறையைக் கண்டுபிடித்த எஃப்-செக்யூர் நிறுவனம் மறுநாள் எச்சரித்தது. 6,000க்கும் மேற்பட்ட தலைமை சர்வர்கள் இணையத்தில் எவரும் எட்டும் நிலையில் இருந்தன.

அடுத்து வந்தது மே தின விடுமுறை. மே 3, ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூரில் பதிவுபெற்ற ‘கோஸ்ட்’ அறநிறுவனத்தின் சர்வர்களுக்குள் ஊடுருவியோர், மின்னிலக்க நாணயம் உருவாக்க அவற்றைப் பயன்படுத்தினர். சர்வர்கள் திணறியதால் விவகாரம் வெளிப்பட்டது. கடன் அட்டை விவரங்கள் பாதிக்கப்படவில்லை என்று கோஸ்ட் தெரிவித்தது.

இடைவெளி நான்கே நாள்.

சிராங்கூன் சாலையில் உள்ள சிறு கடைக்கும் இதில் பாடம் உண்டு. வாடிக்கையாளர் விவரங்கள் வேறொரு நிறுவனத்தின் சர்வரில் இருந்தாலும், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைக் காக்கும் பொறுப்பு கடைக்கும் உண்டு. ஒப்பந்தம் போடும்போது விலையோடு இதையும் கேட்பது நல்லது: அவசரத் திருத்தம் வந்தால், விடுமுறை நாளாக இருந்தாலும், எத்தனை மணி நேரத்தில் போடுவீர்கள்?