தண்டில் தொங்கும் கட்டி

சென்னை ஓ.எம்.ஆரில் நாவலூரைத் தாண்டும்போது மாஸ்டர் ஹெல்த் செக்கப் விளம்பரங்கள் கண்ணில் படாமல் இருக்காது. இதயம் என்றாலே அங்கே கொலஸ்ட்ரால், அடைப்பு, ஸ்டென்ட் இவைதான் பேச்சு. இதயத்திலும் கட்டி வரும் என்றால், படித்தவர்களே புருவத்தை உயர்த்துகிறார்கள்.

வரும், ஆனால் அபூர்வம். வேறு உறுப்பிலிருந்து பரவி வரும் புற்றுநோயே இதயத்தில் அதிகம். இதயத்திலேயே முளைப்பவற்றில் பெரியவர்களுக்கு அடிக்கடி வருவது மிக்சோமா. இது புற்றுநோய் அல்ல. நுங்குபோல வழுவழுப்பான கட்டி. பெரும்பாலும் இடது மேலறையில், நடுச்சுவரிலிருந்து தண்டில் தொங்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஊசலாடி மைட்ரல் வால்வை அடைக்கப் பார்க்கும். அதனால்தான் சிலருக்கு உட்கார்ந்தால் மூச்சு திணறும், படுத்தால் தணியும். ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டால் வால்வு சுருக்கம் போலவே ஒலிக்கும். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள் நிறைந்த நம் ஊரில் டாக்டர் ஏமாந்தால் வியப்பில்லை.

கட்டியின் துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

1954-ல் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட், இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு இந்தக் கட்டியை முதன்முறையாக வெற்றிகரமாக அகற்றினார். இன்று சென்னையின் பெரிய இதய மருத்துவமனைகளுக்கு இது பழகிய அறுவை.

இதற்காக எல்லோரும் எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) எடுக்க ஓட வேண்டியதில்லை. ஆனால் முப்பது வயதில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்தால், மூளை ஸ்கேனோடு நிறுத்தாமல் எக்கோவும் எடுத்தாக வேண்டும். இ.சி.ஜி.யை நம்பி இந்தக் கட்டியைப் பிடிக்க முடியாது.