ஆங்கிலம் அறிவோம்: எந்தச் சந்தேகம்?

நாம் அறிந்த ஒரு மாணவர் விடுதியில் முன்னொரு முறை கைக்கடிகாரம் ஒன்று காணாமற்போயிற்று. பறிகொடுத்த மாணவனுக்குப் பக்கத்து அறை மாணவன்மீது ஐயம். விடுதித் தலைவருக்கு ஆங்கிலத்தில் முறையீடு எழுதியவன், அந்த மாணவனின் பெயரைக் குறிப்பிட்டு, ‘ஐ டவுட் தட் ஹி டுக் இட்’ என்று முடித்தான். ஆங்கிலத்தில் தேர்ந்தவரான தலைவரோ, “தோழன்மீது பழி விழாதபடி எழுதியிருக்கிறான், நல்ல பிள்ளை” என்று மகிழ்ந்து போனார். மறுநாள் கடிகாரம் சலவைக்குப் போட்ட சட்டைப்பையிலிருந்தே கிடைத்தது. பிழையான ஆங்கிலம் ஒரு நிரபராதியைக் காத்தது! காவல் நிலையத்திற்கோ அலுவலகத்திற்கோ எழுதும் மடலில் இத்தகைய நற்பேறு எப்போதும் வாய்க்காது.

பிழை எங்கே நேர்ந்தது? நம் ‘சந்தேகம்’ ஒரே சொல்லாயினும் மூன்று சுமைகளைச் சுமக்கிறது. “கணக்கில் சந்தேகம்” என்றால் விளங்கவில்லை என்பது பொருள். “அவன்மீது சந்தேகம்” என்றால் அவன் செய்திருப்பான் என்று எண்ணுகிறோம். “மழை வருவது சந்தேகம்” என்றாலோ வராது என்றே எண்ணுகிறோம். ஆங்கிலத்தின் ‘டவுட்’ இம்மூன்றனுள் கடைசிச் சுமையை மட்டுமே இயல்பாக ஏற்கும். நம்பிக்கைக் குறைவே அதன் உயிர். எனவே ‘ஐ டவுட் தட் ஹி டுக் இட்’ என்பது ‘அவன் எடுத்திருப்பான் என நான் நம்பவில்லை’ என்றாகிறது. அவன்தான் எடுத்திருப்பான் என்று சொல்ல விழைந்தால் ‘சஸ்பெக்ட்’ என்னும் சொல்லே வேண்டும். ஒரு சொல் மாறினால் குற்றவாளி நிரபராதியாகிறான், நிரபராதி குற்றவாளியாகிறான்.

ஸ்காட்லாந்து மக்களின் வழக்கில் மட்டும் ‘டவுட்’ என்பது இன்றும் ‘அப்படித்தான் ஆகும் போலும்’ என்னும் பொருளில் வருவதுண்டு. ஆகவே நம் மாணவனை அவர்கள் மன்னித்திருப்பார்கள்.

வகுப்பறையில் “சார், எனக்கு ஒரு டவுட்” என்று எழுவது நம் நாட்டில் பழகிப்போன வழக்கு. இங்கே அதனைக் குறைகூற வேண்டுவதில்லை. ஆனால் மேற்படிப்புக்கென இங்கிலாந்துக்கோ அமெரிக்காவுக்கோ செல்லும் நம் பிள்ளைகள் அவ்வாறே சொன்னால், “நான் கற்பித்ததை இவர் நம்பவில்லையோ?” என்று பேராசிரியர் திகைக்கக்கூடும். அங்கே ‘ஐ ஹாவ் எ கொஸ்சன்’ என்பதே பொருத்தம். வீட்டிலேயே இதனைப் பழக்கிவிடுவது நன்று.

நேரில் கண்டாலன்றி நம்பமாட்டேன் என்பவரை ஆங்கிலேயர் ‘டவுட்டிங் தாமஸ்’ என்பர். நம் மயிலையோடு மரபு இணைத்துப் பேசும் புனித தோமையாரே அவர். உயிர்ப்பைப் பற்றி அவர் விளக்கம் கேட்கவில்லை; யார்மீதும் குற்றம் சாட்டவுமில்லை; நம்ப மறுத்தார். ‘டவுட்’ என்னும் சொல்லின் சரியான பொருளை நினைவில் இருத்த இதைவிட எளிய வழி நமக்குத் தெரியவில்லை.

இச்சொல்லை எழுதும்போது நடுவில் ‘பி’ எழுத்து வருகிறதே, அதை ஏன் ஒலிப்பதில்லை என்று சிறுவர் கேட்பதுண்டு. பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்திற்கு வந்தபோது அவ்வெழுத்து அதில் இல்லை. மூலமான இலத்தீன் சொல்லில் ‘பி’ உண்டென்பதைக் காட்டப் பிற்காலத்து அறிஞர்கள் எழுத்தில் மட்டும் செருகினர். நாவோ பழைய வழியிலேயே நின்றுவிட்டது. கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்னும் சொல்லிலும் இதே கதைதான்.

இறுதியாக, நற்சான்று எழுதுவோர்க்கு ஒரு சொல். ‘நோ டவுட்’ என்பதை நாம் ‘ஐயமே இல்லை’ என்று உறுதியாகக் கொள்கிறோம். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் தளர்ந்த சொல். ‘இருக்கலாம், ஆனால்…’ என்று அடுத்து ஏதோ வரப்போவதாகப் படிப்பவர் எதிர்பார்ப்பார். ‘நோ டவுட் ஹி இஸ் ஆனஸ்ட்’ என்று எழுதி நிறுத்தினால், சொல்லாமல் விட்ட குறை என்னவோ என்று மேலாளர் யோசிப்பார். ‘ஹி இஸ் ஆனஸ்ட்’ என்று எழுதிக் கையொப்பமிட்டால் போதும்.

அடுத்த இதழில் ‘ஹோப்’ என்னும் சொல்லைக் காண்போம்.