வானத்து இடமும் குத்தகைக்கு!

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எங்கும் தோல் தொழிலாளர் வீட்டுக் கூரைகளைப் பாருங்கள். ஓட்டு வீடானாலும் ஒண்டுக் குடித்தனமானாலும், சிறு தட்டு ஒன்று வானத்தை நோக்கி நிற்கும். 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோளைப் பார்த்து நிற்கும் தட்டு அது! பூமி ஒருமுறை சுழலும் நேரத்தில் கோளும் ஒருமுறை சுற்றிவிடுவதால், நமக்கு அது நின்ற இடத்திலேயே நிற்கிறது. தட்டைத் திருப்ப வேண்டியதில்லை.

அந்த உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருப்பது ஒரே வட்டப் பாதை. இடம் அளவானது, நாடுகள் பகிர்ந்து கொள்கின்றன. இந்தியாவுக்குக் கிடைத்த இடம் இந்திய மக்களின் இடம்.

அந்த இடத்தை என்ன செய்கிறார்கள்? 2022 ஜூன் 23 அன்று, தென் அமெரிக்காவின் கூரு தளத்திலிருந்து ஜிசாட்-24 ஏவப்பட்டது. எடை 4,180 கிலோ. கட்டியது இஸ்ரோ. செலவிட்டது மத்திய அரசுக்குச் சொந்தமான நியூஸ்பேஸ் இந்தியா. அதன் முழுத் திறனோ டாட்டா பிளே என்னும் ஒரே நிறுவனத்துக்குக் குத்தகை!

இஸ்ரோ யார் காசில் வளர்ந்தது? சோப்புக்கும் செருப்புக்கும் வரி கட்டும் ஏழையின் காசும் அதில் இருக்கிறதே! கோள் கட்டவும் கொடுத்தோம். படம் பார்க்கவும் மாதாமாதம் கொடுக்கிறோம்.

குத்தகையே குற்றம் என்று நாம் கூறவில்லை. வாடகை பொதுக் கருவூலத்துக்கு வரட்டும். ஆனால், ஏரியில் மீன்பிடிக்கக் குத்தகை விட்டால், ஊரார் ஏரித் தண்ணீரில் கை நனைக்கக் கூடாது என்று எவரேனும் சொல்வதுண்டா?

அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியிலேயே தீர்ப்பளித்துவிட்டது. 2004-இல் கல்விக்கென்றே எஜுசாட் என்ற கோளை இஸ்ரோ ஏவியது. அன்று பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு முழுக் கோள்! அதன் ஆயுள் முடிந்துவிட்டது. அதன் நோக்கமும் முடிந்துவிடலாமா?

நாம் கேட்பது ஒன்றுதான். பொதுப்பணத்தில் ஏவப்படும் ஒவ்வொரு வணிகக் கோளிலும் ஒரு பங்கு மக்களுக்கென ஒதுக்கப்பட வேண்டும். குத்தகைச் சீட்டிலேயே அதை எழுத வேண்டும். கம்பி ஏறாத மலையிலும் கோளின் குரல் கேட்கும் அல்லவா? ஜவ்வாது மலைப் பள்ளிக்குப் பாடம் வரட்டும். மலைக்கிராமத்து நோயாளியை வேலூர் மருத்துவர் திரையிலே பார்க்கட்டும். ஒருநாள் கூலியை இழந்து அவர் மலையிறங்கும் நிலை ஒழியட்டும்!

தோழர்களே! கிளைக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். தொழிற்சங்கத்தில் தீர்மானம் போடுங்கள். வாக்குக் கேட்டு வந்த நாடாளுமன்ற உறுப்பினரிடம் கணக்குக் கேளுங்கள். கோள் எட்டாத உயரத்தில் இருக்கலாம். நம் உரிமை அங்கே போய்விடக் கூடாது!