மூணு மாசத்துல முதல் இடமாம்!

போன வாரம் மஞ்சளுக்குத் தண்ணி கட்டிட்டு இருந்தப்ப ஒரு போன். "சார், உங்க வெப்சைட்டை மூணே மாசத்துல கூகுள்ல முதல் இடத்துக்குக் கொண்டு வந்துடுவோம். கேரண்டி. மாசம் 15,000 ரூபாதான்."

கிட்டத்தட்ட ஒரு குவிண்டால் மஞ்சள் வித்தா வர்ற காசுங்க அது. ஊனி ஒன்பது மாசம் காத்திருந்து, வெட்டி, வேக வெச்சு, காய வெச்சு, பாலிஷ் போட்ட பிறகு கைக்கு வர்றது.

"அப்படி என்ன பண்ணுவீங்க தம்பி?"

பக்கத்துக்குப் பக்கம் 'ஆர்கானிக் மஞ்சள்'னு இருபது தடவை வரணுமாம். 'மஞ்சளின் 21 மருத்துவப் பயன்கள்' மாதிரி வாரம் ரெண்டு கட்டுரை அவங்களே எழுதிப் போடுவாங்களாம். எழுதுறவர் மஞ்சக் காட்டைப் பார்த்திருக்காரான்னு கேட்டேன். "அது எதுக்கு சார், நெட்லயே எல்லாம் இருக்கே!" போதாததுக்கு நூறு தளத்துல இருந்து லிங்க் வாங்கித் தருவாராம்.

1998-ல் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் கூகுளை ஆரம்பிச்சப்ப இருந்த யோசனை நல்ல யோசனை. ஊர்ல பத்துப் பேர் ஒரு வைத்தியரைக் கைகாட்டினா நாம நம்பிப் போறோமில்ல, அது மாதிரி பல பக்கங்கள் கைகாட்டுற பக்கத்தை மேல வைக்கிறது. காசு குடுத்துக் கைகாட்ட வெச்சா அதுக்குப் பேரு வேற. ரேங்குக்காக லிங்க் விலைக்கு வாங்குறது விதிமீறல்னு கூகுளே சொல்லுது. முதல் இடத்துக்கு யாரும் கேரண்டி தர முடியாதுன்னும் அவங்களே எழுதி வெச்சிருக்காங்க. இப்படிக் கட்டுரையா உற்பத்தி பண்ற தளங்களுக்கு 'கன்டென்ட் ஃபார்ம்'னு பேரு. 2011-ல் 'பாண்டா'னு ஒரு மாற்றம் கொண்டு வந்து அதுகளைக் கீழே தள்ளினாங்க. பண்ணையாம்! களையை மட்டுமே விதைக்கிற பண்ணை.

இது சிரிச்சுட்டுப் போற விஷயமில்லைங்க. போன ஐப்பசி மழையில பக்கத்துத் தோட்டத்து அண்ணனோட மஞ்சள் இலை பழுத்துச்சு. சென்னையில இருக்கிற மகன் தேடிப் பார்த்து, முதல்ல வந்த பக்கத்தைப் படிச்சுட்டு, "சத்துக் குறைவுப்பா, யூரியா போட்டுத் தண்ணி விடுங்க"ன்னான். வந்திருந்தது கிழங்கு அழுகல். தேங்கின தண்ணியை வடிக்க வேண்டிய நேரத்துல இன்னும் தண்ணி விட்டாங்க. கால் ஏக்கர் போச்சு. அந்தப் பக்கத்தை எழுதினவருக்கு ஒண்ணும் போகலை.

கடைக்கு போர்டு வைக்கிறதைத் தப்புன்னு சொல்லலை. தலைப்பு தெளிவா இருக்கட்டும், பக்கம் போன்ல சட்டுனு திறக்கட்டும், ஜனங்க தேடுற வார்த்தையிலயே எழுதுவோம். அதை நானே செய்வேன். ஆனா போர்டை மட்டும் வெச்சுட்டு உள்ளே சரக்கே இல்லாதவன் முன்வரிசையில நிக்கிறானே, அதைத்தான் கேட்கிறேன்.

டவுன்ல இருக்கிற நீங்க ஒண்ணு செய்யுங்க. முதல்ல வர்றதோட நிறுத்தாதீங்க. எழுதினது யாரு, எந்த ஊரு, என்ன பயிர் வைக்கிறாருன்னு பாருங்க. நஷ்டப்பட்டதையும் எழுதியிருக்காரான்னு பாருங்க. நம்பர் இருந்தா ஒரு போன் போடுங்க.

அந்தத் தம்பிக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். 15,000 ரூபா வெட்டுக் கூலிக்கு ஆகும்.