மயக்க மருந்து நிபுணர் கேட்கும் அந்த ஒரு கேள்வி

அறுவைச் சிகிச்சைக்கு முன்பு மயக்க மருந்து நிபுணர் வந்து பல கேள்விகள் கேட்பார். “உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் சிக்கல் ஏற்பட்டதுண்டா?” என்பது அவற்றில் ஒன்று. பலரும் யோசிக்காமல் “இல்லை” என்று சொல்லிவிடுகிறோம். கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள்.

முழு மயக்கம் என்பது ஒரே ஊசி அல்ல. தூங்க வைக்கும் மருந்தோடு துணை மருந்துகளும் சேர்கின்றன. புரோபோஃபால் போன்ற தூக்க மருந்து இரத்தக் குழாய்களை விரித்து, இரத்த அழுத்தத்தை இறக்கிவிடும். குழாய்களைச் சுருக்கும் ஃபினைல்எஃப்ரின் அதைத் தூக்கி நிறுத்தும். இதயத் துடிப்பு மிகவும் குறைந்தால் அட்ரோபின் கைகொடுக்கும்.

அடுத்தது தசைத் தளர்த்தி. மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தவும், வயிற்றுத் தசைகள் இறுகாமல் இருக்கவும் இது தேவை. மூச்சுவிடும் தசைகளும் ஓய்ந்துவிடுவதால், அந்த நேரத்தில் இயந்திரமே நமக்காக மூச்சுவிடும்.

அவசரத்துக்குப் பயன்படும் தசைத் தளர்த்தி சக்சமெத்தோனியம். ஒரு நிமிடத்தில் வேலை செய்யும். இரத்தத்தில் உள்ள ஒரு நொதி அதைச் சிதைத்துவிடுவதால் ஐந்து, பத்து நிமிடங்களில் தெளிந்துவிடும். ஆனால், சிலருக்கு அந்த நொதி பிறவியிலேயே குறைவு. அவர்களுக்குத் தசைகள் மீள மணிக்கணக்கில் ஆகலாம். கோயம்புத்தூர் வட்டார வைசிய சமூகத்தினரிடம் இந்தக் குறைபாடு கூடுதலாக இருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். மற்றவர்களுக்கும் வரலாம், அன்றாட வாழ்க்கையில் எந்த அறிகுறியும் தெரியாது.

பயப்பட வேண்டாம். மருந்து தீரும்வரை நோயாளியைத் தூக்கத்திலேயே வைத்து, இயந்திரத்தின் மூலம் மூச்சு கொடுப்பார்கள். முன்கூட்டியே தெரிந்தால் ரோகுரோனியம் போன்ற வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அதன் விளைவை முறிக்க சுகமடெக்ஸ் இருக்கிறது.

ஆகவே, மருத்துவமனைக்குப் போகும் முன் அம்மா, அப்பா, உடன்பிறந்தவர்களிடம் கேளுங்கள். அறுவைக்குப் பிறகு யாராவது கண்விழிக்கத் தாமதமானதா? எதிர்பாராமல் மூச்சு இயந்திரத்தில் வைத்தார்களா? மயக்கத்தில் கடும் காய்ச்சல் கண்டதா?

இரத்தக் கொதிப்பு மாத்திரைகளின் பெயரையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். சில மாத்திரைகளை முதல் நாளே நிறுத்தச் சொல்வார்கள். சிலவற்றை அறுவை நாள் காலையிலும் சாப்பிட வேண்டும். எது எதற்கு என்பதை மருத்துவர் சொல்லட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.