பிரசவச் சகாயம்: பாரத்தைச் சுமப்பவர் யார்?

2020-ல் பார்லிமெண்டில் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. 1961-ம் வருஷத்துப் பிரசவச் சகாயச் சட்டமும் அதனுள் அடங்கிவிட்டது. 2017-ம் வருஷத்துத் திருத்தத்தினால், சம்பளத்துடன் கூடிய பிரசவ ஓய்வு முதல் இரு குழந்தைகளுக்கு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. புதிய தொகுப்பும் அதையே ஏற்றிருக்கிறது. ஓய்வின் அளவைப் பற்றி நமக்கு ஆக்ஷேபமில்லை. அதற்கான பணம் யார் பையிலிருந்து வருகிறது என்பதே கேள்வி.

இந்தக் கேள்வி புதிதன்று. 1928-ல் பம்பாய்ச் சட்டசபையில் ஆலைத் தொழிலாளி ஸ்திரீகளுக்கான பிரசவச் சகாய மசோதா விவாதத்துக்கு வந்தபோது டாக்டர் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். தாய்க்கு ஓய்வளிப்பது தேச நன்மைக்கான காரியமாகையால் செலவின் பெரும்பாகத்தைச் சர்க்காரே ஏற்பது நியாயமென்று அவர் ஒப்புக்கொண்டார். சர்க்கார் ஏற்காதவரையில், பெண்களை அமர்த்தி லாபமடையும் முதலாளி கொடுப்பதும் தவறன்று என்று வாதித்தார். மசோதா 1929-ல் சட்டமாயிற்று. அன்று இடைக்கால ஏற்பாடாகக் கருதப்பட்டது இன்று நிரந்தர ஏற்பாடாக நிலைத்துவிட்டது.

1948-ம் வருஷத்துத் தொழிலாளர் அரசு இன்ஷூரன்ஸ் சட்டம் வேறு வழியைக் காட்டிற்று. அதன்படி ஆண், பெண் என்ற பேதமின்றி எல்லாத் தொழிலாளர் சம்பளத்தின் மீதும் சந்தா வசூலாகிறது. 2019 ஜூலை முதல் முதலாளி நூற்றுக்கு 3.25-ம், தொழிலாளி 0.75-ம் செலுத்துமாறு வகுக்கப்பட்டது. பிரசவ காலச் சம்பளம் அந்தப் பொது நிதியிலிருந்து கிடைக்கிறது. எனவே பெண்ணை அமர்த்தியதற்காக முதலாளிக்குத் தனி நஷ்டமில்லை. ஆனால் இந்த நிழல் எல்லாருக்கும் எட்டுவதில்லை. இதற்குரிய சம்பள வரம்பு 2017-ல் மாதம் 21,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. வரம்புக்கு மேற்பட்ட ஸ்திரீக்கு 26 வாரச் சம்பளத்தையும் முதலாளியே கொடுத்தாக வேண்டும்.

பன்னிரண்டு பேர் வேலை செய்யும் சிறு காரியாலயத்தை எண்ணிப் பாருங்கள். மாதம் 40,000 ரூபாய் பெறும் சிப்பந்தி ஒருத்தி ஓய்வில் சென்றால் சுமார் 2,40,000 ரூபாய் செலவு. அவளிடத்தில் அமர்த்தப்படுபவருக்கும் சம்பளம் வேண்டும். பெரிய கம்பெனிக்கு இது கணக்கில் ஒரு வரி. சிறு முதலாளியோ அடுத்த முறை மனு வரும்போது, “கல்யாணமாகிவிட்டதா?” என்று கேட்கத் தொடங்குகிறான். வேலைக்கு எடுப்பதில் பால் பேதம் கூடாதென்று 2019-ம் வருஷத்து ஊதியச் சட்டத் தொகுப்பு விதிக்கிறது. காரணம் சொல்லாமல் மனுவை ஒதுக்கி வைப்பவனை எந்தக் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்துவது?

ஓய்வு முடிந்தபின் வீட்டிலிருந்தே வேலை செய்யலாமென்ற ஷரத்தும் இருக்கிறது. வேலையின் தன்மை இடங்கொடுத்தால் முதலாளி அனுமதிக்கலாம். காலமும் நிபந்தனையும் பரஸ்பர சம்மதப்படி. “பரஸ்பர சம்மதம்” என்றால் பலமுள்ளவர் இஷ்டம் என்றே வக்கீல்கள் படிப்பது வழக்கம். 2020-ல் கொள்ளைநோயின்போது எத்தனையோ காரியாலயங்கள் மாதக்கணக்கில் வீடுகளிலிருந்தே நடந்தன. முடியாதென்று இனிச் சொல்வது பொருந்தாது. ஆகையால் முதலாளிமார் இதைத் தயவாக எண்ணாமல், எத்தனை மாதம், எந்த நேரம், என்ன வேலை என்பதையும், பதவி உயர்வுக்கு இதனால் பங்கமில்லை என்பதையும் எழுத்தில் கொடுப்பாராக. பெண்ணும் தன் நிலையை அறிந்து திட்டமிடுவாள். மானேஜருக்கும் சச்சரவு குறையும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஸ்தாபனங்கள் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டுமென்ற விதியையும் காகிதத்தில் மட்டும் வைத்திராமல் இருப்பது நலம்.

முதலாளிமாருக்குப் புத்தி சொல்வதோடு பத்திரிகையின் கடமை தீராது. இந்தச் செலவை முதலாளி மட்டும் நேராகச் சுமக்கலாகாதென்பதே சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் 2000-ம் வருஷத்து உடன்படிக்கையின் பொது விதி. ஏழு வாரச் சம்பளத்தை முதலாளிக்குத் திருப்பிக் கொடுக்கும் யோசனையை மத்திய தொழில் இலாகாவே 2018-ல் வெளியிட்டது. 2020-ம் வருஷத்துத் தொகுப்பில் அதற்கு இடமில்லை. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் ஏழைத் தாய்மாருக்கு அரசாங்கமே பிரசவ உதவி வழங்கி வருகிறது. தாய்மைக்குப் பொதுப் பணம் செலவிடுவது நமக்குப் பழகாத தத்துவமன்று. சம்பள வரம்பின்றி எல்லா ஊதியத்தின் மீதும் ஒரு சிறு சந்தா விதித்து, 26 வாரத்துக்கும் பொது நிதியிலிருந்து பணம் கொடுக்குமாறு தொகுப்பைத் திருத்தும் மசோதாவைப் பார்லிமெண்டில் தமிழ்நாட்டு அங்கத்தினர்கள் கொண்டுவர வேண்டும்.